மிகச் சிறிய விகிதத்தினர்

ஒரு பக்கம் அறுநூறு ரூபா.
இது அரைப்பக்கம்தான்.
மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது.

களுவாஞ்சிகுடி நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடைக்கும்
முத்திரை விற்பவருக்கும் நடுவில்
என் பலகை: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு வரும், இறப்பு வரும், காணி உறுதி,
கட்டார் வேலை ஒப்பந்தம்.
வலிப்பு இதுவரை வந்ததில்லை.

சட்டத்தரணி அனுப்பிய படம்.
ஒரு விளையாட்டுப் பெட்டியின் பின்புறம்,
எறும்பு எழுத்தில் எட்டு மொழிகள்.
போர்த்துக்கேயம் இருக்கிறது.
கோட்டையை விட்டுப் போன எத்தனையோ காலத்துக்குப் பிறகு
எச்சரிக்க மட்டும் வந்திருக்கிறார்கள்.
தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை.
அதில் மட்டும் சமத்துவம்.

ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.
‘மிகச் சிறிய விகிதத்தினருக்கு
மின்னும் ஒளியால் வலிப்பு ஏற்படலாம்.’

ஏற்படும் என்றால் விற்க முடியாது.
ஏற்படாது என்றால் வழக்கு.
‘லாம்’ என்ற இரண்டே எழுத்துக்குள்
ஒரு கொம்பனி முழுதாகக் குடியிருக்கிறது,
குளிரூட்டி போட்டு.

அடுத்த வரி:
‘பெற்றோர் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும்.’
அங்கே ‘லாம்’ இல்லை.

மிகச் சிறிய விகிதத்தினருக்குப்
பெயர் கேதுசன்.
பதின்மூன்று வயது. மண்டூரிலிருந்து
பாதையேறி வாவி கடந்து
சனிக்கிழமைகளில் கணித ரியூசனுக்கு வருவான்.
வகுப்பு முடிய, மயூரதனின் கேம் கடை,
மணிக்கு நூற்றைம்பது.
வெள்ளை சிவப்பு வெள்ளை சிவப்பு வெள்ளை என்று
ஒரு கோட்டை எரிந்துகொண்டிருக்கையில்
கதிரையோடு சாய்ந்தான்.
மேசை விளிம்பு.
இரண்டு முன்பல், புருவத்தில் ஏழு தையல்.

சட்டர்த் திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடி அழுத்தினான் மயூரதன்.
இரும்பு பிடித்தால் நிற்கும் என்று யாரோ கத்தினார்கள்.
நின்றது.
நிற்கும் நேரம் வந்ததால் நின்றது என்று
வைத்தியர் எழுதியிருக்கிறார்.
கையைக் கிழித்த அந்தத் திறப்பு இப்போது
தடயப்பொருள் இலக்கம் இரண்டு.
கடைக்கு வேறு திறப்பு வெட்டியாயிற்று.

“டிஸ்க் கொழும்பில வாங்கினது, முந்நூறு ரூபா.
கொப்பி அடிச்சவன் முதல் பந்திய வெட்டிப்போட்டான்.
அது வந்தா பொடியன்மாருக்குக் கரைச்சல்.
எனக்கென்னகா தெரியும்?”
மயூரதன் பொய் சொல்லவில்லை.
கொம்பனியும் பொய் சொல்லாது:
அது எங்கள் டிஸ்க் அல்ல.
வெட்டியவனுக்கு விலாசம் இல்லை.
ஆக நான் மொழிபெயர்ப்பது
இந்தக் கடைக்கு ஒருநாளும் வராத பெட்டியை.

“நாலு வயசில காய்ச்சலோட ஒருக்கா இழுத்தது.
கேட்டிருந்தா சொல்லியிருப்பன்,”
என்கிறாள் தாய் நேசரூபி.
“ஆருகா கேட்டது?”

பிறகுதான் அவளை அடையாளம் கண்டேன்.
போன வருசம் இதே கதிரையில்
புருசனின் கட்டார் ஒப்பந்தத்தோடு இருந்தவள்.
பன்னிரண்டாம் பிரிவு:
‘சுகவீனம் ஏற்பட்டால்
கொம்பனி பொறுப்பேற்கலாம்.’
பொறுப்பேற்கலாம்.
நான்தான் எழுதினேன். பிழையில்லை,
மூலத்தில் அப்படித்தான் இருந்தது.
‘இது உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று
கீழே ஒப்பமிட்டு, காசு வாங்கி,
அந்த ‘லாம்’ என்ன செய்யும் என்று
ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினேன்.
அவளும் கேட்கவில்லை.

இன்று சொன்னேன். ‘லாம்’ பற்றியும் ‘வேண்டும்’ பற்றியும்,
எது யார் தலையில் இறங்கும் என்றும்.
என் தொழிலுக்கு அது கூடாது.
முத்திரை விற்பவர் எட்டிப் பார்த்தார்.

பையன் பக்கத்தில் நின்றான்,
பல் போன இடத்தை நாக்கால் தடவியபடி.
தாளை எட்டிப் பார்த்து மெல்லக் கேட்டான்:
“அந்தக் கோட்ட கடைசில விழுந்திச்சா அன்ரி?”

அரைப்பக்கத்தை மேலிருந்து கீழாக
இன்னொருமுறை படித்தேன்.
எட்டு மொழியிலும் அது இல்லை.